ஆச்சிமார் பணம்

அகப்பாட்டில் தலைவிக்கும் பெயரில்லை, தலைவனுக்கும் பெயரில்லை. வட்டிக்கடைப் பேரேட்டில் அப்படியில்லை. அங்கே தலைவனுக்குப் பெயர் உண்டு.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா எனக் கடை விரித்தவர்கள். முகவர்கள் மூன்றாண்டுத் தவணையில் கடல்கடந்து போனார்கள். ஒவ்வொரு கடைக்கும் ‘விலாசம்’ என்று ஓர் அடையாளம் இருந்தது. பாட்டன், தகப்பன் என ஆண்வழியில் எடுத்துக் கோத்த தலைப்பெழுத்துகள் அவை. உண்டியலிலும் கடிதத்திலும் அந்த எழுத்துகளுக்குத்தான் மதிப்பு.

கடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சொந்த முதல், சம்பந்த வழி உறவினர் போட்ட தவணைப் பணம், இவற்றோடு ‘ஆச்சிமார் பணம்’ என்றும் ஒன்று இருந்தது. திருமணத்தில் பெண்ணுக்கு வந்த சீதனத்தைக் கடையில் வட்டிக்குப் போட்டுவைப்பார்கள். அவளுடையது என்று தனியாகக் கணக்கு எழுதியது சின்ன விஷயமில்லை; பல சமூகங்களில் பெண்ணுக்கு அதுவும் வாய்க்கவில்லை. வளர்ந்த பணம் அவளுடைய மகளுக்குச் சீதனமாகும். ஆனால் அது எந்த ஊரில், யாருக்குக் கடனாகப் போகிறது என்பதைத் தீர்மானித்தவர்கள் விலாசத்துக்கு உரியவர்கள்.

1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலம் கடைக்கு வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது கடைகளை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியது. கடைப் பணத்தோடு கலந்திருந்த சீதனமும் அங்கே சிக்கிக்கொண்டது. நிலத்தைப் பறிகொடுத்த பர்மியக் குடும்பத்துப் பெண், செட்டிநாட்டு வளவில் வட்டிக்குக் காத்திருந்த ஆச்சி. ஒருவரையொருவர் அறியாத இந்த இருவரையும் இணைத்தது அந்தப் பேரேடுதான். இருவரில் ஒருவரைக்கூட யாரும் கலந்து கேட்கவில்லை.

செட்டிநாட்டுக் கதைதானே என்று கோபியில் இருந்துகொண்டு ஒதுக்கிவிட முடியாது. இங்கே மஞ்சள் நடவுக்கும், ஆழ்துளைக் கிணற்றுக்கும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் முதலில் கழற்றப்படுவது பெண்ணின் கழுத்துச் சங்கிலிதான். வகுப்பில் கேட்டேன்: “அடகு ரசீது யார் பேர்ல இருக்குது?”

“அப்பா பேருலதானுங்க மேடம்.”

மூன்று நான்கு குரல்கள் ஒன்றாகச் சொல்லின. ஒருத்தி மட்டும், “ரசீதை நான் பார்த்ததே இல்லீங்க” என்றாள்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்விகச் சொத்திலும் பங்கு தந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், அடகு ரசீதில் அம்மாவின் பெயர் ஏறவில்லை.

வங்கியாளரின் தாள்களை ஆவணக்காப்பகம் பத்திரப்படுத்தும். சீர் எழுதிய நோட்டும் அடகு ரசீதும் பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன. அதனால் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அம்மா எந்த வருடம், எதற்காக, எத்தனை பவுன் கழற்றினார், அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அவரிடமே கேட்டு, அவர் பெயரைத் தலைப்பில் போட்டு எழுதிவர வேண்டும்.