ஷெட் ஓனர் போட்ட ரேட்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. எழிச்சூர் பக்கம் உன் அப்பா வழியில் மிஞ்சியிருக்கும் நிலத்தில் ஷெட் கட்டப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பாதியை வாடகைக்கு விட்டுவிட்டு, மீதியில் நீயே இரண்டு வி.எம்.சி. மெஷின் போட்டு உலோகப் பார்ட்ஸ் வெட்டுவதாகத் திட்டமாம். வாடகைக்கு வருபவன் என்ன வேலை செய்கிறான் என்று பார்த்தாலே எதற்குக் கிராக்கி என்று தெரிந்துவிடும், ஸ்டுட்கார்ட்டில் இருந்தபடியே நடத்திவிடலாம் என்றும் சொன்னாயாம். அந்தக் கடைசி யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரகடத்து ஷெட்டை நான் ஏன் காலி செய்தேன் என்று நீ கேட்டபோதெல்லாம் போனில் மழுப்பினேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் என் கதையை மட்டும் சொன்னால் உனக்குப் பாதிதான் புரியும். அந்த ஷெட்டுகள் எப்படி வந்தன என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில்தான் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசனம். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியை ஆரம்பித்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை. இவ்வளவுக்கும் நிலம் வேண்டுமே. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1997இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வல்லம், மாத்தூர், பண்ருட்டி, வைப்பூர், எழிச்சூர் என்று ஊர் ஊராக நிலம் போயிற்று. நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் வந்தது. பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் எதிர்பார்ப்பாகவே நின்றது. கம்பெனி கேட்டில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் கேட்டார்கள். அதுவும் இருந்தவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை.

விவசாயம் போய், வேலையும் கிடைக்காத குடும்பம் என்ன செய்யும்? மிச்சமிருந்த பட்டா நிலத்தில் முதலில் வரிசை வீடுகள் கட்டினார்கள். ஒரு ரூமில் ஆறு பையன்கள், எட்டுப் பையன்கள். பிறகு பெண் தொழிலாளர்களுக்கு ஹாஸ்டல்கள் வந்தன. தண்ணீர் லாரி, வேன், கேன்டீன், ஸ்கிராப் என்று கம்பெனிக்கு வெளியே இருந்த ஒவ்வொரு வேலையையும் உள்ளூர்க்காரர்கள் பிடித்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரைக் கொடுத்தவனுக்கு அதில் பங்கு வேண்டாமா? 2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா மூடியபோது அந்த வீடுகள் காலியாயின, கட்டக் கடன் வாங்கியவர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். குடியிருப்பவனை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்ற பயம் அன்றைக்குத்தான் அவர்கள் மனதில் விழுந்தது. என் ஷெட் ஓனரிடமும் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னைப் போன்ற சின்ன யூனிட்காரன் பக்கம் வா. 1958இல் கிண்டியில் அரசே ஷெட் கட்டிச் சிறுதொழிலுக்குக் கொடுத்தது. 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் வளர்ந்தது. லேத்தைத் தவிர வேறு சொத்தில்லாத எத்தனையோ பேர் அங்கேதான் முதலாளி ஆனார்கள். நான் தொழில் கற்றதும் அம்பத்தூரில்தான். பின்னால் அங்கே ஷெட்டுகள் இருந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பின, வாடகை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அதே சமயம் ஆர்டர் தரும் கம்பெனிகள் ஒரகடத்துக்கு நகர்ந்து, பக்கத்திலேயே இருந்து சப்ளை செய் என்றன. அரசின் சிப்காட் தொழிற்பேட்டை மனைகள் பெரிய ஆட்களுக்கான அளவு. மூன்று மெஷின் வைத்திருப்பவனுக்கு அங்கே ஏது இடம்? சிறுதொழிலுக்கான சிட்கோவுக்குத் திருமுடிவாக்கம், திருமழிசை போன்ற எஸ்டேட்டுகள் இருந்தன. ஆனால் ஒரகடத்தைச் சுற்றி முளைத்த தேவைக்கு அவை எந்த மூலைக்கு? ஆகவே நாங்கள் ஊர்க்காரர்களின் பட்டா நிலத்தில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் நுழைந்தோம்.

ஒன்றைக் கவனித்துப் பார். சிப்காட்டும் நிலத்தை விற்பதில்லை, 99 வருடக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. கார் கம்பெனிகளும் அங்கே குத்தகைதாரர்கள்தான். ஆனால் சிப்காட் கார் செய்வதில்லை. குத்தகைக்கு இருப்பவனின் வியாபாரத்தில் அது கை வைக்காது. அந்த நிம்மதி பெரியவனுக்குக் கிடைத்தது. சின்னவனுக்கு 11 மாத அக்ரிமென்ட் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதற்குக் கீழேயே முடித்துக்கொள்வது இங்கே வழக்கம். அட்வான்ஸ் கொடுத்தோம், மெஷினுக்கு அஸ்திவாரம் போட்டோம், பேனல் போர்டு மாட்டினோம். ஈ.பி. கனெக்ஷன் ஓனர் பெயரில். கேட் வாட்ச்மேன் ஓனரின் ஆள். கேமராவும் அவருடையது.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். ஓனர் நல்ல மாதிரிதான். பொங்கலுக்கு வீட்டிலிருந்து பாத்திரம் நிறையப் பலகாரம் வரும். அவர் மகன் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருந்தான். சாயங்காலத்தில் ஷெட்டுக்கு வருவான், மெஷின் பக்கத்தில் நின்று ஆர்வமாகக் கேட்பான். நானும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தேன். டிராயிங்கைப் பார்த்தான், ஃபிக்ஸ்ச்சரைப் பார்த்தான். ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி வண்டி எந்தக் கிழமை வருகிறது என்பது கேட் புத்தகத்திலேயே இருந்தது. பிறகு பக்கத்து ஷெட்டில், நான் வைத்திருந்த அதே மாடல் வி.எம்.சி. வந்து இறங்கியது. எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் ஒருநாள் கூப்பிட்டு, உங்கள் பக்கத்திலேயே ஒருவர் குறைத்துக் கொடுக்கிறார், உங்களால் அந்த ரேட்டுக்கு முடியுமா என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில், மெஷினை செட் செய்து தரும் என் செட்டரும் அந்தப் பக்கம் போய்விட்டான். அவனுக்கு இரண்டு குழந்தைகள், கூடுதல் சம்பளம். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீ கணக்குப் போடுகிறவன், கணக்கிலேயே சொல்கிறேன். சதுர அடிக்கு 20 ரூபாய் வாடகையில் 3,000 அடி ஷெட் என்று வைத்துக்கொள். மாதம் 60,000. மூன்று மெஷின், இரண்டு ஷிஃப்ட், மெஷினுக்கு 400 மணி நேரம் ஓடினால் மொத்தம் 1,200 மணி. ஆக மணிக்கு 50 ரூபாய் வாடகைக்கே போகிறது. ஒரு பீஸுக்கு ஆறு நிமிடம் என்றால் பீஸுக்கு 5 ரூபாய். ஓனருக்கு அந்த 5 ரூபாய் கையை விட்டுப் போகும் செலவே கிடையாது. மூன்று ரூபாய் குறைத்துக் கொட்டேஷன் போட்டாலும் அவர் கையில் லாபம் நிற்கும். அதற்கு மேல் நான் கொடுக்கும் 60,000 அவருடைய புது மெஷினின் இ.எம்.ஐ.க்குப் போகிறது. என்னை வெட்டும் கத்திக்கு நானே மாதாமாதம் சாணை பிடித்துக் கொடுத்தேன்.

விலை குறைத்துக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அம்பத்தூரில் பலரைவிடக் குறைத்துப் போட்டுத்தான் ஆர்டர் பிடித்தேன். ஆனால் அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததில்லை, அவர்கள் டிராயிங்கை நான் பார்த்ததில்லை. அவர்கள் பதிலுக்குக் குறைத்தால் கரண்ட்டை நிறுத்தவோ, அக்ரிமென்ட் முடிகிறது என்று சொல்லவோ என்னால் முடியாது. ஓனரால் முடியும். அவரோடு ரேட்டில் மோதுகிறவன் அவர் கூரையின் கீழேயே நின்றுதான் மோத வேண்டும். நான் மோதவில்லை, காலி செய்தேன்.

அவருக்காவது நிலைத்ததா? இந்த லைனில் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் விலையைக் குறை என்று காஸ்ட் டவுன் கேட்பார்கள், உனக்கே தெரியும். அவர் போட்ட குறைந்த ரேட்தான் அடுத்த பேச்சுக்கு ஆரம்பமாயிற்று. கடைசியில் அந்த மூன்று ரூபாய் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஓவர்டைம் குறைந்த ஆபரேட்டர்களுக்கும் இல்லை. கம்பெனிக்குப் போயிற்று.

காலி செய்த பிறகு, இடம் கொடுப்பவனே போட்டிக்கும் வரும் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். வ.உ.சி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினாரே, அவர் முதலில் ஓட்டியது பம்பாய் ஷா லைன் கம்பெனியின் வாடகைக் கப்பல்கள். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகக்கூட ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதற்கும் முன்னால் விழுந்த அடி, கப்பல் சொந்தக்காரருக்கு நெருக்கடி கொடுத்து வாடகையை ரத்து செய்ய வைத்தது. அதனால்தான் ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்து, காலியா என்ற கப்பலைச் சொந்தமாகவே வாங்கினார்கள். வாடகைக் கப்பலை வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது என்பது தூத்துக்குடிக்கு அன்றே தெரிந்திருந்தது.

அதே 1906இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது, ஹெப்பர்ன் சட்டம். அங்கே ரயில் கம்பெனிகளே நிலக்கரிச் சுரங்கங்களும் வைத்திருந்தன. தனிச் சுரங்கக்காரர்கள் தங்கள் கரியை அந்தப் போட்டியாளனின் ரயிலில்தான் ஏற்றியாக வேண்டும். எனவே, மரத்தைத் தவிர, தான் உற்பத்தி செய்த சரக்கை ஒரு ரயில் கம்பெனி மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றிச் செல்லக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. பிறகு நீதிமன்றம் அதைத் தளர்த்திவிட்டது என்பது வேறு கதை. உன் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. அமேசானில் கடை போட்டவர்களின் வெளியே தெரியாத விற்பனை விவரத்தை வைத்து, அவர்களோடு தானே போட்டி போட மாட்டேன் என்று அந்தக் கம்பெனி எழுதிக்கொடுத்ததை 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஏற்றுக்கொண்டது. கடலில், தண்டவாளத்தில், கம்ப்யூட்டரில் எல்லாம் நடந்த விவகாரம்தான் ஒரகடத்தில் தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. இங்கே மட்டும் கேட்க ஆளில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை முடிக்க ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் 11 மாத அக்ரிமென்ட் போடும்போதே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. போட்டிச் சட்டம் சந்தையையே கையில் வைத்திருப்பவனைப் பிடிக்க வந்தது, ஒரு ஷெட் ஓனருக்கு அது பொருந்தாது. சென்னையில் பல காலம் நடப்பில் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், சொந்தத் தொழிலுக்கு இடம் வேண்டும் என்பது காலி செய்யச் சொல்ல ஏற்ற காரணமாகவே இருந்தது. பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டு வரத் தெரிந்த அரசு, அவற்றுக்குப் பார்ட்ஸ் செய்யும் சின்ன யூனிட்டுகளுக்கு ஒரகடத்துக்கு உள்ளேயே கிண்டி மாதிரி ஷெட் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024இல் சிப்காட் திறந்ததே. அது செய்ய முடிந்தவர்களுக்கு இது முடியாதா?

இனி உன் விஷயம். ஷெட் கட்டு, நல்ல தொழில், நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு வருபவனுக்கு ஐந்து வருடமாவது பதிவு செய்த அக்ரிமென்ட் கொடு, ஈ.பி. கனெக்ஷனை அவன் பெயரிலேயே வாங்கிக் கொடு. அவன் டிராயிங்கையும் கேட் புத்தகத்தையும் பார்க்க மாட்டேன் என்று அக்ரிமென்டிலேயே எழுது. அவன் இருக்கும்வரை அதே வேலைக்கு அதே கம்பெனியில் கொட்டேஷன் போட மாட்டேன் என்பதையும் சேர்த்து எழுது. தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் அவ்வளவு கண்டிப்பாகப் பார்த்ததில்லை என்கிறார் வக்கீல். செல்லுமோ செல்லாதோ, நீ எழுதிக் கொடு. மெஷின் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வேறு இடத்தில் போடு, நானும் அலைந்து இடம் பார்க்கிறேன். அது முடியாதென்றால் முழு ஷெட்டையும் நீயே வைத்துக்கொள், யாருக்கும் வாடகைக்கு விடாதே.

உன் முடிவை அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல் எனக்கே எழுது.

அன்புடன்,
மாமா