நல்ல தமிழில் ஒரு கடிதம்

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குத் தொலைக்காட்சியில் என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். கீழ ஓடுதில்ல எழுத்து, அதை எழுதுற வேலை என்பேன். சென்னையில் ஒரு செய்திச் சேனலில் செய்தி மேசையில் இருந்தேன். 2020 ஜூன் மாதம் ஒருநாள் மனிதவளத் துறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம். "டிரைவர்ஸ், கேமரா அசிஸ்டெண்ட்ஸ் இவங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் வராது மேடம். நீங்க நல்ல தமிழ்ல, மனசு நோகாத மாதிரி எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி.

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ரைட்சைஸிங் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'சரியான அளவாக்கம்' என்று எழுதிப் பார்த்தால் தையற்கடை ஞாபகம் வந்தது. யாருடைய அளவுக்கு யாரை வெட்டுவது? கடைசியில் 'நிறுவனத்தைச் செம்மைப்படுத்தும் பணி' என்று போட்டேன். 'நம் குடும்பத்தோடு நீங்கள் மேற்கொண்ட பயணம் புதிய திசையில் தொடர வாழ்த்துகிறோம்' என்பது என் சொந்தச் சரக்கு. ஒன்றரைப் பக்கத்தில் 'உங்களுக்கு வேலை இல்லை' என்ற மூன்று சொல் எங்கேயும் கிடையாது. ஆங்கிலத்திலும் கிடையாது.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர்கள் காட்டுவார்கள். மனிதவளத் துறையின் மொழி மூன்றும் சேர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எழவு வீட்டில் துஞ்சினார் என்று சொல்கிறவன் கொலை செய்தவனாக இருப்பதில்லை.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் கடிதத்தைக் கொடுத்தார்கள். தொற்றுக் காலம் என்பதால் தள்ளித்தள்ளி நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு. ஏழு வருஷம் ட்ரைபாட் தூக்கின தம்பி ஒருவர், 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணியில் எங்களோடு நின்றவர், கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

நான் பதில் சொல்லவில்லை. "உள்ள கேளு தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே இரண்டாவது தாள் இருந்தது. அதையும் தமிழாக்கியது நான்தான். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்ற ஒரே வரி, கீழே கையெழுத்துக்குக் கோடு. இன்றைக்கே போட்டால் ஒரு மாதச் சம்பளம் வங்கியில் ஏறும், அனுபவச் சான்றிதழும் உண்டு என்றார்கள். எல்லோரும் போட்டார்கள். ஊரடங்கில் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று மார்ச் 29இல் போட்ட மத்திய அரசு உத்தரவை மே 18 முதல் விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு வரியின் விலை எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு நடப்பில் இருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்தால் காரணம் எழுதி ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம். அதற்கு மேல், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். தம்பிக்கு மாதம் 14,000 ரூபாய். கணக்குப் போட்டால் 63,000 வரும். கொடுத்தது 14,000. தானாக விலகினவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 'சொந்த விருப்பம்' என்பது மரியாதைக்காகப் போட்ட சொல் இல்லை, 49,000 ரூபாய்க்காகப் போட்ட சொல். (பத்திரிகையாளர்களுக்கென்று 1955இல் வந்த சட்டம் அச்சுப் பத்திரிகையைத்தான் பேசியது. இந்தியாவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1959இல்.)

இது எங்கள் சேனலோடு நின்ற சங்கதியும் இல்லை. 2017இல் என்.டி.டி.வி. கேமராக்காரர்களை அனுப்பியபோது அதற்கு 'மொபைல் ஜர்னலிசம்' என்று பேர். 2025 ஜனவரியில் சி.என்.என். சுமார் 200 பேரை எடுத்தபோது, கூடவே டிஜிட்டலுக்கு 7 கோடி டாலர் முதலீடு என்ற அறிவிப்பும் வந்தது. எங்கேயும் யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை, எதிர்காலத்தை நோக்கி நகர்கிறார்கள். அடுத்த வீட்டுக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்றால் 'அதிரடி நீக்கம்' என்று சிவப்புப் பட்டையில் ஓட்டுகிறவர்கள் நாங்கள். எங்கள் வாசலில் நடந்ததற்குப் பட்டை ஓடவில்லை. ஓட்டும் இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போனில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எந்த எடத்துலடி வராதன்னு எழுதியிருக்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பண்ணையில நாளைக்கு வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவானுங்க." பண்ணைக்காரன் அதை வசவோடுதான் சொன்னான், சாதிப் பேர் சொல்லித்தான் சொன்னான். அதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேலை போய்விட்டது என்பது அம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது, யாரைத் திட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது. என் கடிதத்தை வாங்கினவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் இன்னும் பதினோரு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். வாடகை இருந்தது.

2022இல் தம்பி போன் பண்ணினார். லோடு வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். அந்தப் பேப்பரை வச்சு ஏதாவது செய்ய முடியுமா அக்கா என்று கேட்டார். தெரிந்த தொழிற்சங்க வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் இரண்டாவது தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மிரட்டி வாங்கினது என்று நிரூபிக்க வேண்டும், சாட்சி வேண்டும், யார் வருவார்கள் என்றார். அப்புறம் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகாத் தமிழ் எழுதியிருக்கானுங்க, யார் எழுதுனது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன். "சாட்சிக்கும் நானே வர்றேன்."

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. வக்கீல் பேனாவைத் திறந்து என் பேரைக் கேட்டார்.