கைப்பிடிக்குள் இருக்கும் பித்தளை

லா பவோனி யூரோபிக்கோலாவில் பம்ப் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. மிலானைச் சேர்ந்த லா பவோனி நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த, வீட்டுச் சமையலறைக்கான சிறிய எஸ்பிரெசோ இயந்திரம் அது. நெம்புகோலைத் தூக்கினால் பாய்லரிலிருந்து வெந்நீர் பிஸ்டனுக்குக் கீழே வந்து நிரம்பும். கீழே அழுத்தினால் அந்த நீர் காப்பித்தூளை ஊடுருவி இறங்கும். 1940களின் இறுதியில் அக்கிலே காஜ்ஜா புகழ்பெறச் செய்த கடை இயந்திரங்களில் இந்த வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொண்டது. இங்கே அதைச் செய்வது நம் தோளும் முழங்கையும்தான்.

அதனால் இந்த இயந்திரத்தில் கைப்பிடியை ஓர் அலங்காரமாக என்னால் நினைக்க முடிவதில்லை. பழைய மாதிரிகளில் பிஸ்டனின் விட்டம் சுமார் 49 மில்லிமீட்டர். அதில் 9 பார் அழுத்தம் வர வேண்டுமென்றால் பிஸ்டன்மேல் 170 கிலோவுக்குக் குறையாத பளு விழ வேண்டும். நெம்புகோல் அதை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுக்கிறது. அப்படியும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சிறிய அரிசி மூட்டையைத் தூக்குகிற அளவு பலம் உள்ளங்கை வழியாகப் போகிறது. தூள் அதிகம் நைசாக இருந்தாலும், சரியாக அழுத்தப்படாமல் ஓரிடத்தில் நீர் பிய்த்துக்கொண்டு ஓடினாலும், காப்பி கண்ணில் படுவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பழைய கைப்பிடிகள் கறுப்பு பேக்கலைட்டால் ஆனவை. லியோ பேக்லேண்ட் 1907-இல் கண்டுபிடித்த அந்தப் பிளாஸ்டிக் சூட்டுக்கு இளகாது, மின்சாரம் கடத்தாது, அச்சில் வேகமாக வார்க்கலாம். ஆனால் பல ஆண்டுகள் ஆவியும் சூடும் கழுவலும் பட்டால் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். ஒருமுறை தரையில் விழுந்தால் விரிந்துவிடும். என்னிடம் வந்த இயந்திரத்தின் கைப்பிடி அப்படி விரிந்துபோனதுதான். மரத்தில் செய்வது என்று முடிவெடுத்தேன். இப்போது அந்த நிறுவனமே மரக்கைப்பிடி வைத்த மாதிரிகளை விற்கிறது என்றாலும், பழைய இயந்திரத்துக்கு அளவெடுத்துச் செய்வது தனி வேலை.

மரக்கைப்பிடி என்றதும் எல்லோரும் எந்த மரம் என்றுதான் கேட்கிறார்கள். வால்நட்டா, ஆலிவா, ஈட்டியா, கருங்காலியா? நல்ல கேள்விதான். நான் ஈட்டியை எடுத்தேன், அதன் கனமும் இறுக்கமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கைப்பிடியின் ஆயுளைத் தீர்மானிப்பது வெளியே தெரியும் ரேகை இல்லை, உள்ளே மறைந்திருக்கும் மரை. மரத்திலேயே மரை வெட்டி இரும்புத் தண்டில் திருகினால் முதல் நாள் கச்சிதமாக உட்காரும். பிறகு மரம் தன் குணத்தைக் காட்டும். ஈரத்தில் அது நீளவாக்கில் அநேகமாக நீளாது; குறுக்கே உப்பும். குறுக்கிலும் ஒரே சீராக இல்லை: ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வட்டமாகத் துளைத்த துளை மெல்ல நீள்வட்டமாகிவிடும். ஆவியும் உலர்வும் மாறி மாறி வரும் இடத்தில் மரத்தில் வெட்டிய மரை தளர்ந்துபோவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

அதற்காகத்தான் பித்தளை. உள்ளே மரையும் வெளியே வரிப்பள்ளங்களும் வெட்டிய ஒரு சிறு குழல். அதைச் செய்யப் போன லேத் பட்டறையில் முதலில் வந்த கேள்வி, “எம்எம் மரையா, இஞ்ச் மரையா சார்?” என்பது. அனுபவசாலியின் கேள்வி அது. இத்தாலிய இயந்திரங்களில் திருகாணிகள் மில்லிமீட்டர் கணக்கிலும், நீராவிக் குழாய் இணைப்புகள் அங்குலக் கணக்கிலும் வருவது வழக்கம். பட்டறைக்காரர் மரை அளவுத் தகட்டின் பற்களை ஒவ்வொன்றாகத் தண்டின்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பல்லுக்கும் மரைக்கும் நடுவே ஒளி கசியாத தகடு கிடைத்த பிறகுதான் பித்தளைக் கம்பியை எடுத்தார்.

மரத்தை முதலில் கடைந்துவிட்டுப் பிறகு துளைக்கக் கூடாது. துளை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கைப்பிடி கோணிக்கொண்டு நிற்கும். கட்டையில் துளைபோட்டு, அந்தத் துளையையே அச்சாகக் கொண்டு கடைசலில் மாட்டி, அதைச் சுற்றி உருவத்தைக் கடைய வேண்டும். ஈட்டியில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. பித்தளைக் குழலை உள்ளே ஒட்டும் எபாக்ஸி பசை பிடிக்க, துளையை அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். சாதாரண எபாக்ஸி சூட்டில் இளகக்கூடியது. நெம்புகோல் கைப்பிடி பாய்லரிலிருந்து தள்ளியிருப்பதால் அங்கே பயமில்லை. காப்பிக் கூடையைப் பிடிக்கும் போர்ட்டாபில்டர் அப்படியில்லை, அதன் பித்தளைத் தலை நன்றாகச் சூடேறும். அதைப் பூட்டும்போது கைப்பிடியின் கழுத்தில் பக்கவாட்டு இழுப்பும் விழும். அங்கே சூடு தாங்கும் பசை வேண்டும், குறுக்கே ஓர் ஆணியும் வேண்டும். கழுத்தைச் சுற்றி உலோகப் பூண் போட்டால் மரம் பிளக்காது. ஈட்டித் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் கடையவே கூடாது.

உருவத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. முதல் கைப்பிடியைப் பழையதின் அளவிலேயே கடைய வேண்டும். இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் முனையைச் சற்றுத் தடிமனாக வைத்தது கை வழுக்காமலிருக்கத்தான் என்று, அழுத்திப் பார்த்தால்தான் புரிகிறது. என் உள்ளங்கைக்காக நான் சேர்த்தது, நடுவில் ஒரு மெல்லிய புடைப்பு மட்டும்.

மெருகுக்கு அரக்கு வேண்டாம், ஆவி பட்டால் வெளுத்துவிடும். டங் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லிசாகத் தடவி, ஒவ்வொரு பூச்சையும் நன்றாகக் காயவிட்டால் போதும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

ஆவியைத் திறக்கும் குமிழுக்கு மரம் கடைவது எளிய வேலை, ஒரு மாலையில் முடிந்துவிட்டது. பாய்லர் மூடி மட்டும் வேறு. உள்ளே இருப்பது கொதிநிலைக்கு மேல் சூடான நீரும் ஆவியும். அந்த அழுத்தத்தை மரம் தாங்கவே கூடாது. மரையும் வாஷரும் கொண்ட உலோக மூடி அதைத் தாங்க, மரம் விரல் படும் மேல் உறையாக மட்டும் இருக்கலாம். என் மூடியில் உறை கெடவில்லை என்பதால் அதைத் தொடவில்லை. விரிந்த பேக்கலைட் கைப்பிடியையும் எறியவில்லை. அதன் நீளம், கழுத்து விட்டம், மரைக் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு சுற்றி வைத்திருக்கிறேன். இயந்திரம் யார் கைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும்.