நெரிசலில் மட்டும் தெரிந்த குறை

எங்கள் வீட்டிலிருந்த பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் காருக்கு 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வினோத நோய் வந்தது. அடையாற்றிலிருந்து புறப்பட்டால் மந்தைவெளி வரை ஒன்றும் நேராது. லஸ் பகுதியில் மெட்ரோ இரயில் பணிக்காகச் சாலை குறுகி, வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும் இடத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். தியாகராய நகரில் பனகல் பூங்காவை நெருங்கும்போது அது சிவப்புக் கோட்டைத் தொடும். அதே வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளத்து உறவினர் வீட்டுக்குப் போய் வந்தால் முள் நடுவிலேயே நிற்கும்.

முதலில் பார்த்த ஒரு பணிமனையில், பத்து நிமிடச் சோதனைக்குப் பின், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 32,000 ரூபாய் ஆகும் என்றார்கள். உம்மாவின் மருத்துவச் செலவு மாதந்தோறும் இருக்கும் வீட்டில் அது சிறிய தொகை அன்று. உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: “இதற்கு எதற்குச் செலவு? விற்றுவிடுங்கள். வாங்க வருபவர் காலையில் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். முள் அசையவே அசையாது.”

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதுவே எங்களை உறுத்தியது. கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி நம் பிள்ளைகளும் அறிந்தது. திறந்த சாலையில் ஓட்டிக் காட்டி இந்த வண்டியை விற்பதற்கும் அந்தக் குவியலுக்கும் என்ன வேறுபாடு? விற்பதானாலும் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். சொல்வதற்கு முதலில் குறை இன்னதென்று தெரிய வேண்டும். இவ்வாறு முடிவு செய்து, இராயப்பேட்டையில் ஒரு சிறிய கொட்டகையில் வேலை பார்க்கும் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டு சென்றோம்.

அவர் பானெட்டைத் திறக்குமுன் கேட்டது ஒரே கேள்வி: “எங்கே சூடாகவில்லை, அதைச் சொல்லுங்க பாய்.” கோவளப் பயணத்தைச் சொன்னோம். அவர் விளக்கினார்: வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நெரிசலில் அந்தக் காற்று இல்லை. மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சரும் தன் வெப்பத்தை அதன்மீதே தள்ளும். கேஸ்கெட் போயிருந்தால் நெடுஞ்சாலையிலும் தொல்லை தந்திருக்கும்; கூலன்ட் குறைந்துகொண்டே வரும்; எண்ணெய் பால்போல் வெளுக்கலாம். கூலன்ட் அளவையும் டிப் ஸ்டிக்கையும் பார்த்தார். இரண்டிலும் குறையில்லை.

ஏசியைப் போட்டதும் விசிறி சுழன்றது. நாங்கள் நிம்மதியடைந்தோம், அவர் அடையவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் விசிறி நின்றது; முள் ஏறியது. விசிறிக்குச் செல்லும் இணைப்பில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், எரிந்தது. ஆக, ஃபியூஸும் ரிலேயும் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. மரக்கைப்பிடியால் மோட்டாரின் உடலில் மெல்லத் தட்டினார். விசிறி மீண்டும் சுழன்றது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, சூடேறியபின் தொடர்பை இழக்கிறது என்பது தெளிவாயிற்று.

புதுப்பேட்டையில் புதிய மோட்டார் வாங்கி மாட்டினோம். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் படிந்திருந்த தூசியையும் சருகுகளையும் அவர் நீரடித்து நீக்கினார். கூலியோடு 4,600 ரூபாய் ஆயிற்று. மறுநாள் மாலை ஏசியுடன் உஸ்மான் சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். முள் நடுவிலேயே நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

முதல் பணிமனையார் அறிந்து சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறைவு செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. தொழில் அறிந்தவர் அறியாதவரிடம் சொல்லும் சொல்லும் ஓர் அளவைதான். இருபத்தைந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்த அந்த பாய் அதைச் சரியாக நிறுத்தார்.

இதே நிலை நேர்வோருக்குச் சில வார்த்தைகள். நெரிசலில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் வழியே வெளியேறும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். உப்பேறிய போர்வெல் நீரை ஊற்ற வேண்டாம். அது குழாய்களில் படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் உரிய விகிதத்தில் கலந்ததே வேண்டும்.

மறு ஆண்டு அந்தக் காரை விற்றோம். வாங்கியவரிடம் மோட்டார் மாற்றிய ரசீதைக் கொடுத்து, நடந்ததையும் சொன்னோம். பழைய கார் வாங்கப்போகும் சகோதரர்கள் காலை நேரத்துக் காலியான சாலையோடு நின்றுவிடாமல், மாலையில் ஏசியைப் போட்டுத் தியாகராய நகருக்குள் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பாருங்கள். விற்கப்போகும் சகோதரர்களோ, அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.