அடி மடிப்பு

அந்தமானில், ஜங்லிகாட் மீன் சந்தையிலிருந்து மேலே ஏறும் சரிவில் இருக்கிறது அந்த வீடு. தகரக் கூரையில் மழை கொட்டியதில், காகிதப் பை செய்யும் அக்கா பேசியது பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருடைய அப்பா சிவகங்கைப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். அக்கா பிறந்தது இங்கேதான். 2024-ல் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு அது இன்னமும் போர்ட் பிளேர்.

நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளில் குப்பைக் கூடைக்குள் போடும் பை செய்கிறார்கள். இரண்டு முழுத்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்தை ஓரங்குலம் ஏற்றி ஒட்டினால் குழல் மாதிரி வருகிறது. அதன் அடியைப் பிரித்து அமுக்கினால் சாய்சதுரம். அதன் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழு இழுக்கிறார் அக்கா. பிறகு இன்னொரு தாளை நான்காக மடித்து அடியில் மெத்தையாகப் போடுகிறார்.

“பசைய நம்பக்கூடாது தம்பி. மீன்தண்ணி பட்டா விட்டுரும். மடிப்புதான் பிடிக்கும்.”

பசை, மைதாவைக் காய்ச்சியது. பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்க அதில் துத்தம் போடுவார்கள். இங்கே போடுவதில்லை. உரக்குழிக்குப் போகிற பையில் பூச்சிக்கும் புழுவுக்கும் ஆகாததைக் கலந்தால், மக்க வைக்க வருகிறவர்களையே விரட்டுவதாகிவிடும். ஆனால் இந்த ஈரக்காற்றில் துத்தமில்லாத பசை மறுநாளே புளித்துவிடும். அதனால் தினமும் ஒரு கிண்ணம்தான் காய்ச்சுகிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் குப்பை வண்டியோடு நடந்தேன். “கீலா கச்ரா, சூக்கா கச்ரா” என்று ஒவ்வொரு வாசலிலும் குரல். ஈரக்குப்பை, காய்ந்த குப்பை என்ற பிரிவினை எல்லா மொழிக்காரர்களுக்கும் இந்தியில்தான் பழகியிருக்கிறது. கூட நடந்த தொழிலாளி தமிழர். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கிழித்துக் காட்டினார். சோறு, மீன்முள், உடைந்த பல்பு, குழந்தையின் டயாபர். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாமல் கையை விடும் வேலை அது. அவருடைய இடது உள்ளங்கையில் அதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு. காகிதப் பையைப் பிரிக்க வேண்டியதில்லை, அப்படியே பச்சைத் தொட்டியில் போய் விழுகிறது. சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கையைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது.

அடுத்த திருப்பத்திலேயே காகிதமும் காலை வாரியது. கேட்டுக்கு வெளியே இரவெல்லாம் நனைந்த பையைத் தூக்கினார். அடி கழன்று, எல்லாம் அவர் செருப்பின் மேல். “மழைல வெளிய வைக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு சார்.” ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம், சென்னையைவிட இரண்டு மடங்கு. அமெரிக்காவில் தோட்டத்துச் சருகை நிரப்பித் தெருவோரம் நிற்க வைக்கும் தடித்த கிராஃப்ட் காகிதச் சாக்குகள் உண்டு. ஈரத்தில் சட்டென்று பிய்ந்துவிடாமலிருக்க அத்தகைய காகிதத்தில் பிசின் சேர்ப்பார்கள். இங்கே செய்தித்தாளை அப்படி நிற்க வைக்க முடியாது. கூடைக்குள் இருக்கும்வரைதான் அது பை. பெங்களூரில் 2015-ல் உயர் நீதிமன்றம் வீட்டுக்கு இரண்டு கூடை, ஒரு பை என்று உத்தரவிட்ட பிறகு, ஈரக்குப்பைக் கூடைக்குச் செய்தித்தாள் விரிப்பே போதுமென்று பழக்கினார்கள். அந்த வழிதான் இந்த ஊருக்கும் ஒத்துவரும்.

‘மக்கும் கவர்’ என்று விற்கிறார்களே, அது? விடுதி ஒன்றிலிருந்து வந்த பச்சைக் கவரைத் தொழிலாளி தூக்கி, தயங்காமல் பிளாஸ்டிக் பக்கம் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐ.எஸ். 17088 தரச்சான்று பெற்ற கவர்கூட, 58 டிகிரி அளவில் சூடு நிற்கும் பெரிய உர ஆலையை மனதில் வைத்துச் சோதிக்கப்பட்டது. கொல்லைக்குழி அந்தச் சூட்டை எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, அசலும் போலியும் விடியற்கால வெளிச்சத்தில் ஒரே மாதிரி பளபளக்கின்றன. காகிதத்தைக் காகிதமென்று அறிய சான்றிதழ் வேண்டாம்.

அக்கா வீட்டு உரக்குழி கொல்லைக்கோடியில், மேலே ஓலை வேய்ந்து. மீனும் சோறும் தழைச்சத்து. அது மட்டும் சேர்ந்தால் ஊறி நாறும். காகிதம் கரிச்சத்து. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு குவியலுக்குள் காற்றுப் போக இடம் விடுகிறது. அக்கா கம்பால் கிளறினார், ஆவி வந்தது. செதிலும் முட்டை ஓடும் கலந்த கரியமண்ணில் விரல் நீளக் காகிதத் துண்டு ஒன்று. டெய்லி டெலிகிராம்ஸ், தீவு அரசு நடத்தும் நாளிதழ். கப்பல் புறப்படும் நேரம் மட்டும் மிச்சமிருந்தது, எந்தத் தீவுக்கு என்பது மக்கிவிட்டது.

இப்போது சிக்கல் மழையால் அல்ல, தாள் தட்டுப்பாட்டால். எல்லாரும் போனில் செய்தி பார்க்கிறார்கள். பழைய பேப்பர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வடைக்கடைக்காரர் முந்திக்கொள்கிறார்.

“மெட்ராஸ்ல பழைய பேப்பர் கெடைக்கும்ல? அடுத்த தடவ வரும்போது ஒரு கட்டு கொண்டாங்க.”

விமானத்தில் பதினைந்து கிலோதான் விடுவார்கள் என்றேன்.

“அப்ப துணிய கொறச்சுக்கங்க,” என்றபடி அடுத்த தாளை எடுத்தார்.