ஐந்து மணித் தண்ணீர் இடைவேளை



சேவுகம்பட்டிப் பகுதியில் சிறுவர் மக்தப் ஒன்றில் ஓதிக்கொடுத்து வருகிறேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்து வகுப்பு அது. என்னிடம் ஓதும் நான்கு சிறுவர்கள் படிக்கும் பிரைமரிப் பள்ளியில் சென்ற ஆண்டு கிரிக்கெட் பயிற்சி தொடங்கினார்கள். வாரத்தில் ஐந்து நாள், மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மீதுள்ள ஆசையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது முதல் திண்டுக்கல்லின் பெயரிலேயே ஓர் அணி ஆடிவருகிறது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் அந்தப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2024-இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றபோது, என் மக்தபில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

பயிற்சி தொடங்கிய பிறகு அந்த நால்வரும் களைத்துப்போய் வந்தார்கள். கிதாபை விரித்தவுடன் கண் சொக்கியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனத்தை உறுத்தியது வேறொன்று. ஹனஃபி மத்ஹபின்படி நம் ஊரில் அஸருடைய நேரம் நான்கரை மணியை ஒட்டித் தொடங்குகிறது. மார்கழி, தை மாதங்களில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. அப்படியானால் இவர்கள் அஸரை எங்கே தொழுகிறார்கள்?

ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். மூவர் தலைகுனிந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் மட்டும், "தொழுதுட்டேன் ஹஜ்ரத்" என்றான். அவன் முகமே அது பொய்யென்று காட்டிக்கொடுத்தது. நான் விடவில்லை. எந்த இடத்தில், யாருடன், உளூச் செய்தது எந்தக் குழாயில் என்று துருவினேன். அவன் அழுதான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவன் மக்தபுக்கு வரவில்லை.

பத்து நாட்கள் கழித்து அவனுடைய தாயார் வந்தார். தகப்பனார் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். "கிரிக்கெட்டை நிறுத்திடுறேன் ஹஜ்ரத், ஓதுறதை மட்டும் விட்டுடக் கூடாது. ஆனா நிறுத்துறேன்னு சொன்னா சாப்பிட மாட்டேங்கிறான். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளையை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளியவன் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழு வயதில் தொழச் சொல்லும்படியும், பத்து வயதில் கண்டிக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பெற்றோருக்குக் கட்டளையிட்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதன் பிற்பகுதியை நான் பலமுறை பேசியிருக்கிறேன். முற்பகுதியைக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளுக்கு ஐந்து வேளை. கண்டிப்புக்கு முன்னால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அன்பான அழைப்புகள் இருக்கின்றன. அந்தச் சிறுவனை மைதானத்தில் அஸருக்கு ஒருவேளையாவது நான் அழைத்தேனா? அவன் தொழுவதற்கு ஓர் இடமுண்டா என்றாவது விசாரித்தேனா?

மறுநாள் மாலை அந்தப் பள்ளி மைதானத்துக்குச் சென்றேன். பயிற்சியாளர் மாற்றுமதச் சகோதரர், இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம் விடுகிறேனே சார். அந்த நேரம் போதாதா? இவர்கள் யாரும் என்னிடம் கேட்கவே இல்லையே" என்றார். போதும், தாராளமாகப் போதும். வெயில் மஞ்சளிப்பதற்கு முன்பே, மக்ரூஹான நேரம் வருவதற்கு முன்பே, நான்கு ரக்அத்தை நிதானமாகத் தொழுதுவிடலாம். கேட்பதற்குத்தான் ஆளில்லை. பத்து வயதுப் பிள்ளை அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சினான். பெற்றோர் தயங்கினார்கள். நானோ, கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் பிள்ளையிடம் கணக்குக் கேட்டேன்.

ஹாஷிம் ஆம்லாவை நம் இளைஞர்கள் அறிவார்கள். தென்னாப்பிரிக்க அணியின் புரவலர் மதுபான நிறுவனமாக இருந்தபோது, அதன் சின்னம் இல்லாத சீருடையை அணிய அவர் அனுமதி கேட்டார், கிடைத்தது. 2012 ஜூலையில், ரமளான் மாதத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்தார். பயணிக்குரிய சலுகையின்படி அப்போது நோன்பு வைக்கவில்லை என்றும், ஊர் திரும்பியதும் களாச் செய்வேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்தின் ஆதில் ரஷீத் 2022-இல் ஹஜ்ஜுக்காக விடுப்புக் கேட்டு, இந்தியாவுக்கு எதிரான போட்டிகளைத் துறந்து மக்கா சென்றார். இவர்கள் ஆட்டத்தையும் விடவில்லை, தீனையும் மறைக்கவில்லை, வாய்திறந்து கேட்டார்கள். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். பத்து வயதுப் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

விளையாட்டையே வெறுத்து ஒதுக்குவது நம் மார்க்கமன்று. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அனுமதித்திருக்கிறார்கள். உடலுக்கும் குடும்பத்துக்கும் இறைவனுக்கும் உரிய உரிமைகளை அதனதன் அளவில் கொடுக்க வேண்டும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்ததை நபியவர்கள் உண்மைப்படுத்தினார்கள்.

இப்போது மைதானத்து வேப்பமரத்தடியில் ஒரு பாயை விரித்துத் தொழுகிறார்கள். நால்வரில் மூவர் தவறாமல் தொழுவதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வெளியூர்ப் போட்டி வந்தால் என்ன செய்வது என்பதை இனிமேல்தான் பேச வேண்டும். அந்தச் சிறுவனும் மக்தபுக்குத் திரும்பிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். வகுப்பில் அவனைச் சிரிக்கவைத்தது என் தவறு என்று அதே பிள்ளைகளின் முன்னிலையில் சொன்னேன். ஆனாலும் முன்போல முதல் வரிசையில் அவன் உட்காருவதில்லை. அது என் பிழைக்கான கூலி. அவனை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மாலையில் எந்தப் பயிற்சிக்குச் சென்றாலும், அதை நடத்துபவரை ஒருமுறை நேரில் சந்தியுங்கள். பத்து நிமிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கணக்குக் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

நம் சந்ததிகளைத் தொழுகையை நிலைநிறுத்துவோராகவும், உடல்வலிமை உடையோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.