முன்சக்கரம் எப்போது சத்தம் போடுகிறது?

காரின் முன்சக்கரத்தில் சத்தம் கேட்டால் முதலில் கவனிக்க வேண்டியது அது எப்போது வருகிறது என்பதை. ஒரே சத்தத்தை ஒருவர் உறுமல் என்பார், இன்னொருவர் வண்டின் ரீங்காரம் என்பார். 'மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் வருகிறது, வலப்புறம் வளைக்கும்போது கூடுகிறது' என்று சொன்னால் மெக்கானிக்குக் கோளாறு பாதி விளங்கிவிடும். சத்தம் எந்தப் பக்கம் என்பதில் காதை அதிகம் நம்ப முடியாது. காரின் இரும்பு உடல் வழியாக ஓசை எங்கும் பரவும் என்பதால், இடப்பக்கச் சத்தம் வலப்பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்பதுண்டு.

சத்தம் என்ஜினுடையதா, சக்கரத்துடையதா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். கையால் கியர் மாற்றும் காரில், ஆளில்லாத நேர்சாலையில் ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் என்ஜின் தணியும். சக்கரம் மட்டும் அதே வேகத்தில் உருளும். அப்போதும் சத்தம் மாறாமல் தொடர்ந்தால் என்ஜினை விட்டுவிடலாம். என்ஜினை அணைத்துப் பார்ப்பது ஆபத்து. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும்.

அடுத்து, தாளம். சிறிய கார்களின் சக்கரச் சுற்றளவு 1.9 மீட்டருக்கு அருகில் இருக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 3 முறை சுற்றும். 'டிக் டிக்' என்ற ஓசையும் அதே கணக்கில் வந்தால், பெரும்பாலும் டயரில் சிக்கிய கல்லோ ஏறிய ஆணியோதான் காரணம்.

அதிகம் குழப்புவது பேரிங்கின் உறுமல். பள்ளத்தில் விழுந்த அடியாலும், சீல் வழியாக நீர் புகுந்து கிரீஸ் கெடுவதாலும் பேரிங்கின் குண்டுகளும் அவை ஓடும் தடமும் சொரசொரப்பாகிவிடும். வேகம் ஏற ஏற உறுமலும் ஏறும். வலப்புறம் வளையும்போது காரின் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயரும் இதே உறுமலைத் தரும். புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான சாலையில் சத்தம் வெகுவாகக் குறைந்தாலும், முன்டயர்களைப் பின்னால் மாற்றியதும் சத்தம் பின்னால் போனாலும், குற்றம் டயருடையது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றச் சொல்வது நியாயமல்ல.

பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, தாங்கியும் கொடுக்க வேண்டும். ஒரு கையைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்கு எட்டாவிட்டாலும் விரலுக்கு எட்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனையைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வரும் 'டக டக' வேறு வகை. அம்பாசடரிலும் பத்மினியிலும் என்ஜினின் இழுவை பின்சக்கரத்துக்குத்தான் போனது. 1983-இல் வந்த மாருதி 800-இல் முன்சக்கரமே இழுத்தது, திரும்பவும் செய்தது. இரண்டையும் ஒருசேரச் செய்ய உதவுவது சிவி ஜாயின்ட். ஆல்ஃப்ரெட் ர்செப்பா என்ற பொறியாளர் 1920களில் வடிவமைத்த, ஆறு குண்டுகள் கொண்ட வகைதான் இன்றும் பெரும்பாலான கார்களின் முன்சக்கரத்தருகே இருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போகும்; அந்த 'டக டக' அதனால்தான். சத்தம் வருவதற்கு முன்பே சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கும். அந்த நிலையில் உறையை மட்டும் மாற்றி ஜாயின்ட்டைக் காப்பாற்ற முடிகிறது. டயர் கழற்றும்போதெல்லாம் உள்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பிரேக்கின் சத்தங்கள் எளிதில் பிடிபடும். பேடு 2, 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும், அதில் பொருத்திய சிறு தகடு டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும் அமைப்பு பல கார்களில் உண்டு. மழை இரவுக்குப் பின் முதல் சில பிரேக்கில் வரும் உரசல் டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும். இரும்பும் இரும்பும் அரைபடும் ஓசை என்றால் பேடு தீர்ந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'லொடலொட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கோ, லோயர் ஆர்ம் புஷ்ஷோ.

டயர் மாற்றிய சில நாட்களில் மந்தமான 'கட் கட்' கேட்டு ஸ்டீயரிங்கும் நடுங்கினால், சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். அப்போது பட்டறைவரை ஓட்டிப்போகக் கூடாது. அங்கேயே ஓரம்கட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். போல்ட்டின் மரை சிதைந்திருந்தாலும், ரிம்மின் துளை அகன்றிருந்தாலும் ஸ்டெப்னியை மாட்டினால் மட்டும் போதாது. வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்கூட 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.